தணிந்த சூட்டில் ஒரு தட்டு கொய்யா

விறகு அடுப்பில் ரொட்டி சுட்டு ஏறத்தாழ 50 வருஷம் ஜீவனம் நடத்திய எனக்கு, அந்த அடுப்பின் சூடு ஏறுகிற வேளையைக் காட்டிலும் அது இறங்குகிற வேளைதான் அதிகம் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால், குமிழைத் திருகி இத்தனை டிகிரி என்று நிறுத்திவைக்கும் அடுப்புகளில் தொழில் பழகிய இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது விநோதமாகத் தோன்றலாம். மாலை 5 மணிக்கு வேலிக்காத்தான் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினால், செங்கல் வளைவு முதலில் கரி படிந்து கறுத்து, பின்பு அந்தக் கரியும் எரிந்துபோய் வெளுத்து நிற்பதற்குள் இரவு 10 மணி ஆகிவிடும். கங்கை வாரி வெளியே தள்ளி, கம்பில் சுற்றிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மைதாவை உள்ளே வீசிப் பார்ப்போம். விழுந்த மாத்திரத்தில் கருகினால் பொறுத்திருக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பொன்னிறத்துக்கு வந்தால் ரொட்டி உள்ளே போகலாம். ரொட்டிக்குப் பின் பன், பன்னுக்குப் பின் பிஸ்கட், எல்லாவற்றுக்கும் கடைசியாக விடியும்வரை கிடந்து காய்கிற ரஸ்க் என்று, இறங்குகிற சூட்டுக்கு ஏற்ற பதார்த்தத்தை வரிசையாக அனுப்புவதே விறகு அடுப்புக்காரனுடைய வித்தை. ரஸ்க் வெளியே வந்த பிறகும் அந்தச் செங்கல்லுக்குள் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். பல வருஷங்கள் அந்த மிச்சத்தை மறுநாள் விறகு உலர்த்துவதற்கு மாத்திரமே நான் உபயோகித்தேன். பிற்பாடு அதில் பழம் வேகவைத்தேன். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

தொழில் கற்றது பெங்களூரில். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் அங்கே போவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1976-ஆம் வருஷம், 14 வயதில், நானும் அப்படிப் போய் ஓர் அய்யங்கார் பேக்கரியில் தட்டுக் கழுவச் சேர்ந்தேன். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தார் முட்டை சேர்க்காமல் கேக் செய்வதை ஒரு விரதம்போல அனுஷ்டித்தார்கள். சுத்தத்திலும் நிறுவையிலும் அவர்களிடம் நான் கற்றவை இன்றும் என் கையில் இருக்கின்றன. ஆனால் பழம் என்ற வார்த்தைக்கு எங்கள் தொழிலில் அந்நாளில் என்ன அர்த்தம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தில்பசந்துக்குள்ளும் பழ பன்னுக்குள்ளும் சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற டூட்டி ஃப்ரூட்டி, பச்சைப் பப்பாளிக்காயைச் சிறு சதுரங்களாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் நாள்கணக்கில் ஊறவிட்டுச் சாயம் ஏற்றியது. கேக்கின் உச்சியில் ராஜகம்பீரமாக உட்கார்ந்திருக்கும் செர்ரி, பெரும்பாலும் விதை நீக்கிப் பாகிலும் சாயத்திலும் ஊறிய களாக்காய். ஜாம் டப்பாவில் வந்தது. மாம்பழமும் கொய்யாவும் வாசலில் தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருக்க, உள்ளே நாங்கள் பப்பாளிக்காய்க்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தோம். யாரையும் ஏமாற்றுகிற எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. பழத்திலுள்ள நீரைக் கண்டு பேக்கரிக்காரர்களுக்கு ஒரு பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குச் சர்க்கரையே பரிகாரமாக இருந்தது.

1987-இல் ஊர் திரும்பி, தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இண்டூரில் சொந்தமாக அடுப்புக் கட்டினேன். ஒகேனக்கல் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி டீயும் பன்னும் வாங்குவார்கள். ஆடிப்பெருக்கு நாளில் கடையில் ஒரு துண்டு ரஸ்க்கும் மிஞ்சாது. ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கினால் வியாபாரத்தின் முகம் மாறிவிடும். காலை 8 மணி வரை மூட்டமாகக் கிடக்கும் அந்த மாதங்களில், குல்லாவும் சால்வையுமாக வருகிற ஜனங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடப்பதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆவி பறக்க ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். குளிர்காலத்துக்கென்று எங்கள் தொழிலில் இருந்த பழப் பலகாரம் ஒன்றே ஒன்று, கிறிஸ்துமஸ் பிளம் கேக். 1883-இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகச் செய்துகொடுத்த நாளிலிருந்து நம் நாட்டில் வழங்கிவருகிற அந்தக் கேக் அருமையான வஸ்து என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் உலர்ந்த பழம், கருக்கிய சர்க்கரைப் பாகு, வெண்ணெய் என்று கனத்து நிற்கும் அதை வருஷத்துக்கு ஒருமுறை சாப்பிடலாமே தவிர, மார்கழி முழுவதும் காலையில் டீயோடு சாப்பிட முடியாது.

1996-ஆம் வருஷம் கார்த்திகையில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை நான்காக மடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். மகன் இங்கிலாந்தில் இருந்தபடியால் ஒரு குளிர்காலம் முழுதும் அங்கே தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"மாஸ்டர், அங்கே ஆப்பிளை நறுக்கிப் போட்டு, மேலே மாவைப் பிசிறித் தூவி அடுப்பில் வைக்கிறார்கள். கிரம்பிள் என்று பெயர். சூடாகச் சாப்பிட்டால் குளிருக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. நீங்கள் செய்துகொடுங்கள், நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் மாவும் கொழுப்பும் சர்க்கரையும் ரேஷனில் கிடைத்தபோது, பழத்துக்குக் கீழும் மேலும் மாவு ஓடு கட்டிச் சுடுவதற்குக் கட்டுப்படியாகாமல், மேலே மாத்திரம் உதிர்த்துத் தூவுகிற இந்த வழக்கம் அந்நாட்டு வீடுகளில் பரவியது என்பதைப் பிறகு அறிந்தேன். பஞ்சத்தில் பிறந்த பலகாரம் என்பதாலேயே அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

முதல் தட்டு படுதோல்வி. தருமபுரிச் சந்தையில் வாங்கிய சிவப்பு ஆப்பிளை நறுக்கி, எங்கள் தொழில் வழக்கப்படி தாராளமாகச் சர்க்கரை தூவி, மேலே மைதாவும் டால்டாவும் சர்க்கரையும் கலந்த உதிரியைப் பரப்பி நல்ல சூட்டில் வைத்தேன். வெளியே வந்தபோது மேலே சிவந்திருந்தது, கீழே குளம் கட்டி நின்றது. 100 கிராம் ஆப்பிளில் சுமார் 85 கிராம் தண்ணீர்தான். நறுக்கிய பழத்தின்மேல் சர்க்கரை விழுந்தால் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பித்துவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுகிறதே, அதே கதை. இரண்டாவது தட்டில் அந்த நீரை உறிஞ்ச உதிரியை அதிகமாக்கினேன். மாவு அதிகமானதும் இனிப்புப் போதவில்லை. இனிப்புக்காகச் சர்க்கரையைக் கூட்டினேன். சர்க்கரை கூடியதும் பழம் மேலும் நீர் விட்டது. மூன்று வாரம் இந்தச் சுழலுக்குள் கிடந்தேன். பழப் பலகாரங்களில் ஏன் இவ்வளவு சர்க்கரை சேர்கிறது என்கிற ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாக்குக்கு அவ்வளவு இனிப்பு வேண்டியிருப்பதில்லை. தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாத கைதான் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போகிறது.

ஒருநாள் விடியற்காலை, ரஸ்க்கை எடுத்த பிறகு, சர்க்கரையோ மாவோ சேர்க்காமல் வெறும் ஆப்பிள் துண்டுகளைத் தட்டில் பரப்பி மிச்சச் சூட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், துண்டுகள் ஓரம் சுருங்கி, வெண்ணிறம் மாறித் தேன்நிறம் ஏறி, தட்டில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் படுத்திருந்தன. ஒரு துண்டை வாயில் போட்டேன். சர்க்கரை சேர்த்ததைவிட அது இனித்தது. பழத்தின் நீர் போய்விட்டால் பழத்திலிருக்கும் சர்க்கரைக்கு வேறு எங்கும் போக்கிடம் இல்லை, அது நாக்குக்குத்தான் வரவேண்டும். இதை முன்னமே தெரிந்துகொள்ளாமல் 20 வருஷம் பப்பாளிக்காய்க்குச் சாயம் போட்டோமே என்கிற வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு.

அந்த ஆசிரியை சாப்பிட்டுப் பார்த்து, இங்கிலாந்தில் சாப்பிட்டதைவிட நன்றாயிருக்கிறது என்றார். அவர் அன்பு மிகுதியால் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆப்பிள் எங்கள் ஊருக்குத் தோதுப்படாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்நாளில் இண்டூரில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற பழம்; அதை நறுக்கிப் பலகாரம் செய்து விற்றால் யார் வாங்குவார்கள்? அன்றியும் இங்கே வருகிற அந்தச் சிவப்பு ஜாதி வெந்தால் மாவாகக் குழைந்துவிடுகிறது, தோல் மாத்திரம் ரப்பர்போல நிற்கிறது. ஆகவே எங்கள் பக்கத்துப் பழங்களை ஒவ்வொன்றாகப் பரீட்சித்தேன். மலைப்பக்கத்திலிருந்து கூடை கூடையாக வருகிற சீத்தாப்பழத்தை ஆசையோடு வேகவைத்தேன். சூடு பட்டதும் கசந்துபோயிற்று, அந்தப் பழத்தின் சுபாவமே அப்படி. பூவன் வாழை கூழாயிற்று. நேந்திரன் துண்டு துண்டாக நின்றது, நன்றாகவும் இருந்தது, ஆனால் அதற்கு எங்கள் ஊரில் வரத்துக் குறைவு. கிளிமூக்கு மாங்காயைச் செங்காயாக வேகவைத்தால் புளிப்பும் இனிப்புமாக அற்புதமாக இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் விளைவதும் அதுவே. ஆனால் அது கோடைக்குரியது. ஏற்காட்டுப் பேரிக்காய் ஆடி ஆவணியில் வந்து, பனிக்காலத்துக்குள் தீர்ந்துபோகும். கடைசியில் பனிக்காலத்துக்கென்றே காய்த்துக் குலுங்குகிற கொய்யா கண்ணெதிரே நின்றது. சைக்கிளில் கூடை கட்டி வந்து கடை வாசலில் விற்றுக்கொண்டிருந்த பழம் அது.

கொய்யாவைப்போல இந்தக் காரியத்துக்கு வாய்த்த பழம் வேறில்லை என்பது என் தீர்மானம். கூழாக்கினால் தானே இறுகுகிற பெக்டின் அதில் ஏராளம் என்பதால், ஆப்பிளுக்கு வேண்டியிருந்த மாவுக் கட்டு இதற்கு வேண்டியதில்லை. கையால் அழுத்தினால் லேசாக இறங்க வேண்டும், மூக்கருகே கொண்டுபோகாமலே மணக்க வேண்டும், ஆனால் நசுங்கக்கூடாது. நான்காக வகிர்ந்து, நடுவிலுள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்துத் தனியே வைத்துக்கொண்டு, சதையை மட்டும் விரற்கடைப் பருமனில் நறுக்கித் தட்டில் பரப்பி, எலுமிச்சைச் சாறு தெளித்து வைப்போம். வழித்த விதைச் சதையை எறிந்துவிடுவது தவறு. ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துச் சல்லடையில் தேய்த்தால் பாகுபோன்ற கூழ் இறங்கும். அந்தக் கூழை வெந்த துண்டுகளின்மேல் ஊற்றினால், சர்க்கரைப் பாகு ஊற்றினாற்போல மினுமினுவென்று ஒட்டிக்கொள்ளும். சுக்கும் ஏலமும் ஒரு சிட்டிகை போதும். பட்டையை அதிகம் போட்டால் கொய்யாவின் வாசனை ஓடிப்போகும்.

மேலே தூவும் உதிரிதான் பின்னும் ஐந்தாறு வருஷம் என்னை அலைக்கழித்தது. மைதாவை விட்டுவிட்டுக் கேழ்வரகு மாவில் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த ஊர், அதைவிட எங்களுக்கு இயல்பான தானியம் ஏது? ஆனால் வெண்ணெயில் பிசிறி அடுப்பில் வைத்தால் அது மணலைப்போல வாயில் நெறுநெறுத்தது, பச்சை வாசனையும் போகவில்லை. வறுத்துப் பார்த்தேன், கசப்பு ஏறியது. ஒருநாள் என் தாயார் பேரனுக்குக் கேழ்வரகுப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார்கள். மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்து, பிடித்தால் பிடிபடவும் உதிர்த்தால் உதிரவும் ஆகும் அந்தப் பதத்துக்கு விரல் நுனியால் பிசிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்தப் புட்டையே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? முறுகும். வெந்ததை மறுபடி காயவைத்தால் முறுகத்தானே செய்யும்? உன் ரஸ்க் எப்படி ஆகிறது?" என்றார்கள்.

என் தொழிலை என் தாயார் அடுப்பங்கரையிலிருந்து எனக்கே விளக்கினார்கள். அன்றிலிருந்து கேழ்வரகு மாவில் கொஞ்சம் சாமை மாவும் சேர்த்துப் புட்டாக அவித்து, ஆறவிட்டு, பின்பு வெண்ணெயும் பொடித்த வெல்லமும் ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலையும் சேர்த்து உதிர்த்துப் பழத்தின்மேல் தூவுகிறேன். நெறுநெறுப்பு அடியோடு நின்றுபோயிற்று. எங்கள் ஜனங்கள் கிரம்பிள் என்ற பெயரை ஒருநாளும் சொன்னதில்லை; கொய்யாப் புட்டு என்றே கேட்கிறார்கள், பலகையிலும் அதையே எழுதிவிட்டேன்.

இனி எழுதப்போவது என் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிற விஷயம். 2009 வாக்கில், சர்க்கரை வியாதி இல்லாத வீடே இல்லை என்கிற நிலை எங்கள் பக்கத்திலும் வந்துவிட்டது. "சக்கரை இல்லாம ஏதாச்சும் இருக்கா அண்ணா?" என்று நாளைக்குப் பத்துப் பேர் கேட்டார்கள். வெள்ளைச் சர்க்கரையை நீக்கி வெல்லம் சேர்த்திருக்கிற கர்வத்தில், 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் மெய்யென்றே நம்பினேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் அந்தப் பலகையை நம்பித் தினமும் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் வந்து, அப்பாவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நர்ஸம்மா விசாரித்ததில் இதுதான் தெரியவந்தது என்று, கோபமாகக்கூட அல்ல, வருத்தமாகச் சொன்னாள். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. நிறம் வேறு, வாசனை வேறு, இரத்தத்தில் போய்ச் சேர்ந்தபின் செய்கிற வேலை ஒன்றுதான். பழத்திலும் சர்க்கரை இருக்கிறது. அன்றைக்கே பலகையை இறக்கி அடுப்பில் போட்டு எரித்தேன். பல வருஷம் கழித்து, 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டதைப் பத்திரிகையில் படித்தபோது, என் பலகையைப் போல எத்தனை பலகைகள் எத்தனை கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று எதைச் சேர்த்தாலும் வியாதிக்காரருக்குத் தோஷமில்லை என்று சொல்லி விற்பது பாவம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அளவை எழுதிவைத்துச் செய்ய ஆரம்பித்தேன். விதை நீக்கிய கொய்யா 1 கிலோ. கேழ்வரகு மாவு 150 கிராம், சாமை மாவு 50, வேர்க்கடலை 75, வெண்ணெய் 60, வெல்லம் 40. இது 8 துண்டாகும். ஆக ஒரு துண்டில் சேர்க்கிற வெல்லம் 5 கிராம். டீக்கடையில் போடுகிற இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் பாதி. கேட்கிறவர்களுக்கு இதை அப்படியே சொல்கிறேன். பழத்தின் சொந்தச் சர்க்கரை இதற்குமேல் 10 கிராம் அளவுக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெல்லத்தை 40-க்குக் கீழே இறக்கினால் உதிரி நிறம் பிடிப்பதில்லை, முறுகுவதும் குறைகிறது. சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் உண்டு என்பதை ஒரு பேக்கரிக்காரன் மறைக்கக்கூடாது.

கொழுப்பு விஷயத்தில் மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. நான் தொழிலுக்கு வந்த நாளில் டால்டாதான் ராஜா: விலை மலிவு, கெடாது, பிஸ்கட்டை மொறுமொறுப்பாக வைக்கும். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இருதயத்தை அடைக்கும் என்று டாக்டர்கள் சொல்லச் சொல்ல, அரசாங்கம் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2021 ஜனவரியில் 100-க்கு 3 என்றும், 2022 ஜனவரியில் 2 என்றும் கட்டுப்படுத்தியது. தொழிலில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கொய்யாப் புட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே வெண்ணெய்க்கு மாறியிருந்தேன். கையில் ஒட்டுகிற மெழுகை மேல் அண்ணத்தில் ஒட்டவைத்து விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இடையில் மின்சார அடுப்பும் வாங்கினேன். மகன் வற்புறுத்தினான், வேலையும் சுலபமாயிற்று. 2012-இல் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத அந்தக் கொடுமையான மாதங்களில், பழைய விறகு அடுப்புதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதனால் அதை இடிக்காமல் விட்டோம். மின்சார அடுப்பில் கொய்யாப் புட்டு செய்ய முடியாதா என்றால், முடியும். 170 டிகிரியில் தொடங்கி, பழம் ஓரம் சுருங்கியதும் 150-க்கு இறக்கி, கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து நீராவியைப் போகவிட்டு, பின்பு உதிரியைத் தூவி மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டில் சிறிய அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் கேட்டால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவசரப்பட்டு ஒரே சூட்டில் வைத்தவர்கள் எல்லோரும் குளத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

2023-ஐச் சிறுதானிய வருஷம் என்று உலகமே கொண்டாடியபோது, எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். களி கிண்டத் தெரியாத மருமகள்கள் அந்தக் கேழ்வரகைப் பையோடு கொண்டுவந்து, இதை அரைத்துப் புட்டுத் தட்டில் போட்டுக்கொடுங்கள், கூலி தருகிறோம் என்றார்கள். கூலி வாங்கவில்லை, கொய்யா மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டும் என்றேன்.

இந்த மார்கழியிலும் அந்தக் கண்டக்டர் வருகிறார். வயது 80-ஐத் தாண்டிவிட்டது, மகள் கைபிடித்து அழைத்துவருகிறாள். அவருக்கு வாரத்தில் ஒருநாள் அரைத் துண்டு என்பது மகளும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு. அன்று டீயில் சர்க்கரை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை பனி விலகுமுன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "மாஸ்டர், ஆயிற்றா?" என்று கேட்டார். தகரக் கதவைத் திறந்து தட்டைப் பாதி இழுத்துப் பார்த்தேன். ஓரத்துத் துண்டுகள் சுருங்கித் தேன்நிறத்துக்கு வந்திருந்தன. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் நீர் இன்னும் குமிழிட்டுக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகும் ஐயா என்று சொல்லி, தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.